ஆரோக்கியத்தின் பெயரால்

(உலக நோயாளர் நாளையொட்டி ஒலிபரப்பான வானொலி மறையுரை. நற்செய்தி வாசகம்: மாற்கு 1:40-45)



நம் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டினால், ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி, ஆரோக்கியராஜ், ஆரோக்கியதாஸ் என்று பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல் வந்துகொண்டே இருக்கும். வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னையிடம் நேர்ந்துகொண்டு, பிள்ளை நோய்நொடி இல்லாமல் வளரட்டும் என்று நம் தாத்தா பாட்டிகள் வைத்த பெயர்கள் அவை. ஆரோக்கியம் என்பது கேட்டுப் பெறுகிற கொடை என்று அவர்கள் நினைத்தார்கள். இன்று அதே சொல்லுக்கு விலை போட்டுச் செல்பேசியில் விற்கிறார்கள். சாறு, பொடி, எண்ணெய், உணவு அட்டவணை, மூச்சுப் பயிற்சி என்று சரக்கு பலவகை. தன் வாழ்க்கையையே விளம்பரமாக்கி இவற்றை விற்பவருக்கு 'இன்ஃப்ளூயன்சர்' என்று பெயர்.

அப்படி விற்ற ஒரு பெண்ணைப் பற்றிய தொடர் 2025 பிப்ரவரி 6 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. 'ஆப்பிள் சைடர் வினிகர்' என்று பெயர். ஆறு பகுதிகள். நம் இளையோர் சிலர் பார்த்துவிட்டு, "ஃபாதர், இதை வீட்ல எல்லாரும் பார்க்கலாமா?" என்று கேட்டார்கள். ஓர் அம்மா வேறுமாதிரி கேட்டார்: "எங்க அக்காவுக்குக் கீமோ போய்க்கிட்டிருக்கு ஃபாதர். அவங்க இதைப் பார்த்தா தைரியம் வருமா, பயம் வருமா?" முதல் கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். இன்றைய மறையுரையை எழுத வைத்தது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கே முதலில் வருகிறேன். இது பெரியவர்களுக்கான தொடர். கெட்ட வார்த்தைகள் நிறைய வரும். போதை தரும் மூலிகைக் கஷாயத்தை மருந்தென்று குடிக்கும் காட்சி உண்டு. பிள்ளைகளை வைத்துக்கொண்டு கூடத்தில் போட்டுப் பார்க்கிற தொடர் அல்ல. மேல்வகுப்புப் பிள்ளைகள் பார்த்தே தீருவோம் என்றால், பெரியவர் ஒருவர் கூட உட்காரட்டும். ஒரே இரவில் ஆறு பகுதியையும் ஓட்ட வேண்டாம். கதை முன்னும் பின்னுமாகத் தாவித் தாவிப் போகிறது. நிறுத்திப் பேசாவிட்டால் எது எப்போது நடந்தது என்பதே குழம்பிவிடும்.

கெட்ட வார்த்தையைப் பற்றி நம் பெற்றோர் கவலைப்படுகிற அளவுக்கு நான் கவலைப்படவில்லை. பேருந்து நிலையத்தில் அரைமணி நேரம் நின்றால் அதைவிட அதிகம் காதில் விழுகிறது. என் கவலை நோய்க் காட்சிகள் பற்றியது. வாந்தி, கையில் பரவும் புண், ஆசனவாய் வழியே காப்பித் தண்ணீர் ஏற்றும் 'சிகிச்சை', ஒரு தாயின் கடைசி நாட்கள், அவர் அடக்கம், பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் நடுவே வலிப்பு வந்ததுபோல் நடிக்கும் பெண். இவை எல்லாம் நம்மைப் பாதிக்க வேண்டும் என்றே எடுக்கப்பட்டவை. நலமாக இருப்பவருக்கு இது கதை. சிகிச்சையில் இருப்பவருக்கு அப்படியல்ல. அவர் தன் உடம்பை அந்தத் திரையில் பார்ப்பார்.

ஆகவே அந்த அம்மாவுக்கு என் பதில் இது. அக்காவுக்கு இப்போது இந்தத் தொடர் வேண்டாம். சிகிச்சை முடிந்து, அவரே கேட்டால், அப்போது பார்க்கலாம். வீட்டில் புற்றுநோயால் ஒருவர் இறந்து ஆண்டுத் திருப்பலி கூட ஆகாத குடும்பங்களுக்கும் இதையே சொல்வேன். முக்கியமாக, "நாமதானே ஆஸ்பத்திரி வேண்டாம்னு நாட்டு மருந்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம்" என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பவர்கள் இதைத் தனியாகப் பார்க்கவே வேண்டாம். அந்தக் கனத்தை யாரிடமாவது இறக்கி வையுங்கள். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வந்து சொன்னாலும் சரி, சும்மா வந்து உட்கார்ந்து பேசினாலும் சரி.

மற்றவர்கள் பார்க்கலாம். சொல்லப்போனால், நலமாக இருப்பவர்கள்தான் இதைப் பார்க்க வேண்டும். ஏன் என்று சொல்வதற்கு முன், தொடர் சொல்லாமல் விட்ட உண்மைகளைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல ஆரம்பித்து, நீங்களே இணையத்தில் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற தொனியில் தொடர் முடிந்துவிடுகிறது. எனக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் பிடிக்கவில்லை. கதையில் மிக வேண்டிய பகுதி அதுதான்.

அந்தப் பெண்ணின் பெயர் பெல் கிப்சன். ஆஸ்திரேலியாக்காரர். தனக்கு மூளையில் புற்றுநோய் என்றும், மருத்துவர்கள் சில மாதமே கெடு வைத்தார்கள் என்றும், கீமோவையும் கரண்ட் வைப்பதையும் விட்டுவிட்டு நல்ல உணவாலேயே தேறி வருவதாகவும் இணையத்தில் எழுதினார். 2013-ல் 'தி ஹோல் பான்ட்ரி' என்ற செல்பேசிச் செயலியை வெளியிட்டார். ஆப்பிள் நிறுவனம் அதைத் தூக்கிப் பிடித்தது. பெங்குயின் நிறுவனம் சமையல் புத்தகம் போட்டது. வருமானத்தில் பெரும்பகுதி அறப்பணிக்குப் போவதாகவும் சொன்னார். 2015 மார்ச்சில் மெல்போர்னின் 'தி ஏஜ்' நாளிதழ் செய்தியாளர்கள் இருவர் அந்த அறப்பணிப் பணம் எங்கே என்று துருவினார்கள். பணம் போய்ச் சேரவில்லை. அந்த நூலைப் பிடித்து இழுத்ததும் எல்லாம் அவிழ்ந்தது. அடுத்த மாதம் ஒரு பத்திரிகைப் பேட்டியில், தனக்குப் புற்றுநோய் இருந்ததே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

விக்டோரியா மாநில நுகர்வோர் துறை வழக்குப் போட்டது. 2017 செப்டம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ இரண்டு கோடி ரூபாய். இதில் 1,50,000 டாலர் ஒரே ஒரு குற்றத்துக்காக. மூளைக் கட்டியோடு போராடிய ஒரு சிறுவனின் குடும்பத்தோடு பழகி, ஒரு வார விற்பனைப் பணத்தை அவர்களுக்குத் தருவதாக ஊரறியச் சொல்லிவிட்டு, கொடுக்கவில்லை. அபராதத்தை அவர் கட்டாததால் 2020-லும் 2021-லும் அதிகாரிகள் வீட்டுக்கே போய்ச் சோதனையிட்டார்கள். புத்தகம் போட்ட பெங்குயின் நிறுவனமும், சொன்னதைச் சரிபார்க்காமல் அச்சிட்டதற்காக, நுகர்வோர் நிதிக்கு 30,000 டாலர் கட்ட நேர்ந்தது.

இத்தனை பேரில் ஒருவர்கூட ஆரம்பத்தில் ஒரு சின்னக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். "அம்மா, அந்த ஸ்கேன் படத்தைக் கொஞ்சம் காட்டுங்களேன்." கேட்டிருந்தால் அன்றே கடை மூடியிருக்கும். ஆனால் சாகப்போகிறேன் என்று சொல்பவரிடம் சான்று கேட்க யாருக்கு மனம் வரும்? நம் கூச்சத்தை, நம் நல்ல குணத்தையே அவர் பூட்டாகப் பயன்படுத்தினார். வினிகர் என்ன பாவம் செய்தது? ஊறுகாய்க்கு நல்ல பொருள்.

பெல்லைப் பார்த்து நாம் கோபப்படலாம். கோபப்பட்டு, "நாம அப்படி இல்லப்பா" என்று தூங்கப் போய்விடலாம். அதனால்தான் தொடரில் அவரை விட்டுவிட்டு இன்னும் இரண்டு பெண்களைப் பாருங்கள் என்கிறேன்.

ஒருத்தி லூசி. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவள். செல்பேசியில் பெல்லைப் பார்த்துப் பார்த்து, சிகிச்சையை விட்டு விலகுகிறாள். அவள் கணவரோ அந்தப் பொய்யைத் துருவுகிற செய்தியாளர்களில் ஒருவர். ஒரே வீட்டில் இரண்டு நம்பிக்கை. அந்த வீட்டுச் சண்டைகள் நம் வீடுகளில் நடக்கிற சண்டைகள்தான், மொழிதான் வேறு. கணவர் சொல்வது சரி. ஆனால் அவர் சொல்கிற விதத்தில் அவள் இன்னும் தூரம் போகிறாள். இதை ஆண்கள் கவனித்துப் பாருங்கள்.

இன்னொருத்தி மில்லா. இளம் வயதில் கையில் புற்றுநோய். கையை எடுக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். மறுக்கிறாள். சாறும் காப்பி எனிமாவுமாக ஒரு வழியைப் பிடித்துக்கொள்கிறாள். குணமாகி வருகிறேன் என்று எழுதுகிறாள். ஆயிரக்கணக்கானோர் படிக்கிறார்கள். அவள் அம்மாவுக்கும் புற்றுநோய் வருகிறது. மகளை நம்பி அம்மாவும் அதே வழியில் போகிறார். கதாபாத்திரம் கற்பனைதான். ஆனால் ஆஸ்திரேலியாவில் ஜெஸ் அய்ன்ஸ்கோ என்ற பெண்ணின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அது உடனே நினைவு வரும். 2008-ல் 22 வயதில் நோய் தெரிந்தது; பிறகு கெர்சன் முறை என்ற, நாளுக்குப் பதின்மூன்று தம்ளர் சாறும் காப்பி எனிமாவும் கொண்ட வழியை மேற்கொண்டார்; அதே வழியில் போன அவர் அம்மா 2013-ல் இறந்தார்; 2015 பிப்ரவரியில், 29 வயதில், அவரும் இறந்தார்.

பெல் பொய் சொன்னாள். மில்லா பொய் சொல்லவில்லை. தான் எழுதிய ஒவ்வொரு வரியையும் அவள் நம்பினாள். ஒழுக்கவியலில் பொய்யும் பிழையும் ஒன்றல்ல, நமக்குத் தெரியும். ஆனால் அதைப் படித்துச் சிகிச்சையை நிறுத்தியவரின் உடம்புக்கு அந்த வேறுபாடு தெரியாது. வாட்ஸ்அப்பில் "கேன்சருக்கு நூறு சதவீதம் தீர்வு, பகிருங்கள், ஓர் உயிராவது பிழைக்கட்டும்" என்று அனுப்புகிற நம் வீட்டுப் பெரியம்மா, சித்தப்பா யாரும் பெல் கிப்சன் அல்ல. அன்பால்தான் அனுப்புகிறார்கள். அவர்கள் மில்லா. நாமும் பெரும்பாலும் மில்லாதான்.

நோயாளிகளுக்கு நற்கருணை கொடுக்க முதல் வெள்ளியில் வீடு வீடாகப் போகிறபோது, கட்டில் பக்கத்து மாடக்குழியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். ஆஸ்பத்திரி மாத்திரை அட்டை ஒரு பக்கம். முள்சீத்தா இலை, கோதுமைப்புல் பொடி, யாரோ கொடுத்த எண்ணெய் ஒரு பக்கம். வேளாங்கண்ணித் தீர்த்தம் ஒரு பக்கம். எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறவரை எனக்குப் பயமில்லை. மாத்திரை அட்டை மட்டும் காணாமல் போகிற அன்றைக்குத்தான் பயம் வருகிறது.

நம் நார்த்தாமலையில் இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து சிதறி விழுந்த துண்டுகளே இந்தக் குன்றுகள் என்பது இந்த வட்டாரத்து மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. ஆகவே மேலமலையிலும் கடம்பர் மலையிலும் கிடைக்கிற பச்சிலைக்குத் தனி மதிப்பு. அந்த மதிப்பை நான் குறைக்க வரவில்லை. மண்ணிலிருந்து மருந்துகளைப் படைத்தவர் ஆண்டவர் என்றும், அறிவுள்ளவர் அவற்றைத் தள்ளிவிடமாட்டார் என்றும் சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதே அதிகாரம், நோயுற்றால் ஆண்டவரிடம் மன்றாடு, பிறகு மருத்துவருக்கு இடம் கொடு என்றும் சொல்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில்.

நம் கல்லறைத் தோட்டத்து ஓரங்களில் பூத்துக் கிடக்கிற நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். தென்மாவட்டங்களில் அதைப் பயிராகவே வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். எதற்கு? வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் அந்தச் செடியிலிருந்து எடுக்கப்படுகின்றன. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்குக் கீமோவாக ஏற்றுவதில் வின்கிரிஸ்டினும் ஒன்று. பச்சிலை வேண்டாம் என்று ஓடுகிறவரும் கீமோ வேண்டாம் என்று ஓடுகிறவரும் ஒரே செடியிடமிருந்துதான் ஓடுகிறார்கள். ஆனால் அதைப் பறித்து அரைத்துக் குடித்தால் நஞ்சு. எவ்வளவு, எப்படி, யாருக்கு என்று வருடக்கணக்காகச் சோதித்துப் பார்த்ததால்தான் மருந்தாயிற்று.

இப்போது நற்செய்திக்கு வருகிறேன். தொழுநோயாளர் ஒருவர் இயேசுவிடம் வருகிறார். நீர் விரும்பினால் முடியும் என்கிறார். இயேசு பரிவு கொண்டு தொட்டுக் குணமாக்குகிறார். அதற்குப் பிறகு அவர் சொல்வதைத்தான் நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். இதை யாரிடமும் சொல்லாதே என்கிறார், கண்டிப்பாக. குருவிடம் போய் உன்னைக் காட்டு, மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்து, அது அவர்களுக்குச் சான்றாகட்டும் என்கிறார்.

அந்நாளில் குரு என்பவர் இந்த நோய் விஷயத்தில் சோதனை அதிகாரி. லேவியர் நூல் 13, 14 அதிகாரங்களைப் படித்துப் பாருங்கள். தோல் எப்படி இருக்கிறது, முடி வெளுத்திருக்கிறதா, ஏழு நாள் கழித்து மறுபடி பார், இன்னும் ஏழு நாள் தள்ளி வை என்று ஒரு மருத்துவக் குறிப்பேடு போலவே இருக்கும். இறைமகனே தொட்டுக் கொடுத்த குணத்தை, அந்தச் சோதனைக்கு உட்படுத்து என்று அனுப்புகிறார். நான் சொன்னால் போதாதா என்று அவர் கேட்கவில்லை.

விளம்பரம் வேண்டாம், சோதனை வேண்டும். பெல் கிப்சன் செய்தது இதற்கு நேர் எதிர்.

குணமான அந்த மனிதர் என்ன செய்தார்? சொல்லாதே என்றதை எங்கும் போய்ச் சொன்னார். நன்றியால்தான். அதன் விளைவையும் மாற்கு எழுதி வைத்திருக்கிறார். இயேசுவால் ஊருக்குள் வெளிப்படையாக நுழைய முடியாமல் போயிற்று. வெளியே தனித்த இடங்களில் தங்க வேண்டியதாயிற்று. மக்கள் அங்கேயும் வந்தார்கள், உண்மைதான். ஆனால் வர முடியாதவர்கள், படுக்கையில் கிடந்தவர்கள்? உண்மையான குணத்தின் விளம்பரத்துக்கே இந்த விலை என்றால், பொய்யான குணத்தின் விளம்பரத்துக்கு?

நம் திருச்சபை இந்த வசனத்தைத் தீவிரமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது, பலருக்குத் தெரியாது. லூர்து நகரில் 1883 முதல் ஒரு மருத்துவ அலுவலகம் இருக்கிறது. குணமானேன் என்று சொல்கிறவர் மருத்துவச் சான்றுகளோடு அங்கே போக வேண்டும். எந்த மதத்து மருத்துவரும், மதமே இல்லாத மருத்துவரும் ஆராயலாம். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குணங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. திருச்சபை புதுமை என்று ஏற்றுக்கொண்டவை எழுபதைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். எழுபதாவது, பெர்னதெத் மொரியோ என்ற பிரான்ஸ் நாட்டு அருட்சகோதரியுடையது. அவர் 2008-ல் குணமடைந்தார். ஆயர் அதை அறிவித்தது 2018-ல். பத்து வருடம் காத்திருந்தார்கள். நம் ஊரில் பத்து நிமிடத்தில் மைக் கொடுத்துவிடுகிறோம்.

மைக் என்றதும் நினைவு வருகிறது. குணமளிக்கும் வழிபாடுகளில் சாட்சியம் சொல்கிறவர்களே, உங்கள் நன்றியை நான் மதிக்கிறேன். ஆனால் "செபித்தேன், மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். கேட்டுக்கொண்டிருக்கிற கூட்டத்தில் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் இருப்பார். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற பிள்ளை இருக்கும். அவர்கள் வீட்டுக்குப் போய் நிறுத்தினால் என்ன ஆகும்? இது என் சொந்தக் கருத்தல்ல. 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று, கர்தினால் ராட்சிங்கர் தலைமையில் இருந்த விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், குணம்பெறச் செபிப்பது பற்றி ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. செபிப்பது மருத்துவத்தை விலக்குவதில்லை, அதை நாடத் தூண்டுகிறது என்று அது சொல்கிறது. குணம் கிடைத்ததாகச் சொல்லப்படுபவற்றைக் கவனமாகத் திரட்டித் திருச்சபை அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

ஆண்டவர் பெயரைச் சொல்லி ஒருவர் சிகிச்சையை நிறுத்தச் சொன்னால், அவர் குருவாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. புற்றுநோய், சர்க்கரை போன்ற நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே குற்றம் என்கிற மத்தியச் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. எழுபது வருடம் கழித்து, 2024-ல், பதஞ்சலி நிறுவனத்தின் மருந்து விளம்பரங்கள் பற்றி உச்ச நீதிமன்றம் கண்டித்து, அந்த நிறுவனம் நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. நம் தமிழ்நாட்டில் 2018 ஜூலையில், திருப்பூரில் ஓர் இளம் தாய், யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில், பிள்ளையைப் பெற்றுவிட்டு இறந்துபோனார். அடுத்த சில நாட்களில், வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி முகாம் என்று அறிவித்த ஹீலர் பாஸ்கர் என்பவர் கோவையில் கைதானார். அந்தத் தாயின் இறப்பு வேறு, இந்த அறிவிப்பு வேறு. ஒன்றால் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்குள் ஊரெங்கும் எத்தனை வீடுகளில் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது என்பதுதான் அச்சம் தந்தது. சட்டம் எப்போதும் அடக்கச் சடங்குக்குப் பிறகே வந்து சேர்கிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மக்கள் ஏன் ஆஸ்பத்திரியை விட்டு ஓடுகிறார்கள்? முட்டாள்தனத்தால் அல்ல. காலையில் முதல் பஸ்ஸுக்கு ஏறி, வரிசையில் நின்று, மாலையில் ஒரு நிமிடம் மருத்துவரைப் பார்த்து, அவர் தலைநிமிராமல் எழுதித் தள்ளிய சீட்டோடு திரும்புகிற அனுபவம் இங்கே பலருக்கு உண்டு. பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கால் வருந்திய பெண்ணைப் பற்றி மாற்கு எழுதும்போது, பல மருத்துவர்களிடம் அவர் துன்பப்பட்டார், கைப்பொருள் எல்லாம் போயிற்று, நோயோ கூடிற்று என்று போட்டு உடைக்கிறார். லூக்கா அதே நிகழ்ச்சியை எழுதும்போது இந்த இடத்தை மெல்லக் கடந்துவிடுகிறார். லூக்கா மருத்துவர் அல்லவா! ஆனால் இயேசு அந்தப் பெண்ணை நிறுத்தி, முழு உண்மையையும் அவர் சொல்லி முடிக்கிறவரை கேட்டார். யாயீர் மகள் சாகக் கிடக்கிற அவசரத்திலும் கேட்டார். போலிகள் வெல்லும் இடம் இதுதான். அவர்கள் காது கொடுக்கிறார்கள். நோயாளியின் பெயரைச் சொல்லிப் பேசுகிறார்கள். நம் மருத்துவர்களும் செவிலியரும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்த ஒரு நிமிடத்தில் கால் நிமிடமாவது முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

புற்றுநோய் என்றால் சாவுதான், கத்தி பட்டால் பரவிவிடும் என்கிற பேச்சு இன்றும் இருக்கிறது. இந்தப் புதுக்கோட்டை மண்ணில் 1886-ல் பிறந்த ஒரு பெண் அந்தப் பேச்சை எதிர்த்தார். மகாராஜா கல்லூரியில் ஆண்கள் நடுவே படித்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தை வைத்து அவர் எதையும் விற்கவில்லை. முப்பது வருடம் போல அலைந்து பணம் திரட்டி, 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கியது. அந்தச் சட்டம் வந்த அதே ஆண்டு என்பதைப் பாருங்கள். அன்பு மறைந்த சகோதரியின் பெயரால் இரண்டு விதமாகப் போகலாம் என்பதற்கு மில்லாவின் கதைக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நாலு பேரைச் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, நாலாவதாக அருகிலிருந்து கொடுப்பவர். அந்த நாலாவது ஆள் நாம். உங்கள் செல்பேசிக்கு ஓர் அதிசய மருந்து வந்தால், நோயாளிக்கு அனுப்பாதீர்கள். முதலில் உங்களிடமே நிறுத்தி வையுங்கள். சொல்கிறவர் யார், என்ன படித்திருக்கிறார், குணமானதாகச் சொல்பவரின் பரிசோதனைச் சீட்டை எந்த மருத்துவராவது பார்த்தாரா என்று கேளுங்கள். சான்று கேட்டதும் கோபப்படுகிறவரை அங்கேயே விட்டுவிடுங்கள். கஷாயமோ பொடியோ சாப்பிட நோயாளி ஆசைப்பட்டால், திட்டாதீர்கள். திட்டினால் ஒளித்துச் சாப்பிடுவார்கள். சிகிச்சை தருகிற மருத்துவரிடம் அந்தப் புட்டியையே கொண்டுபோய்க் காட்டுங்கள். சில இலைகள் கீமோ மருந்தோடு மோதும்.

பணம் இல்லை என்பதற்காகச் சிகிச்சையை நிறுத்துகிறவர்கள் இருந்தால், புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. புற்றுநோய் சிகிச்சையும் அதில் வரும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு அழைத்துக் கேளுங்கள். துணைக்கு ஆள் இல்லை என்றால் உங்கள் பங்கு வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் சொல்லுங்கள். பஸ் ஏற்றிவிட்டுக் கூடவே வரிசையில் நிற்பதும் இரக்கச் செயல்தான்.

உலக நோயாளர் நாளில் பல பங்குகளில் திருப்பலியின்போது நோயில்பூசுதல் அருட்சாதனம் வழங்கப்படும். பெற விரும்புகிறவர்கள் தயங்காமல் வாருங்கள். அது சாகப்போகிறவருக்கு மட்டுமான எண்ணெய் அல்ல. வருவதற்கு முன் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். சாப்பிட்ட பிறகு போட வேண்டிய மாத்திரை என்றால் சாப்பிட்டுவிட்டே வாருங்கள். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் ஒழுங்கு நோயாளிகளையும் முதியோரையும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களையும் கட்டுப்படுத்தாது. தண்ணீரும் மருந்தும் யாருக்குமே அந்த நோன்பை முறிப்பதில்லை.